மிஞ்சியது மின்வாரிய நம்பர் மட்டும்!



நான் கோவில்பட்டியில் வசிக்கும் ஓர் இல்லத்தரசி. வயது 38. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கணவர் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மகள் பத்தாவது, மகன் நாலாவது. சமையல், கோலம், கைவேலை என்று எத்தனையோ சகோதரிகள் இந்தப் பகுதிக்கு எழுதுகிறீர்கள். நான் எழுதப்போவது வலைப்பூவைப் பற்றி. 'அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கேஸ் அடுப்பு வந்த புதிதில் எங்கள் ஆச்சி கிட்டேயே போக மாட்டாளாம். அதைவிட இது ஒன்றும் பயமானது இல்லை.

2020ல் ஊரடங்கு வந்தபோது மகளின் ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி ஒரு செல்போன் வாங்கினோம். வகுப்பு முடிந்ததும் போன் சும்மாதானே கிடக்கிறது என்று, எங்கள் பக்கத்துச் சமையலை எழுதி வைக்க ஆரம்பித்தேன். காசு கட்ட வேண்டாம், ஒரு கூகுள் கணக்கு இருந்தால் போதும் என்பதால் பிளாக்கர் என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டேன். இது 1999ல் தொடங்கியது, 2003ல் கூகுள் வாங்கிவிட்டது. அதே 2003ல் வந்த வேர்ட்பிரஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. என் தம்பி மனைவி அதில்தான் எழுதுகிறாள். இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே வேலைதான்.

எழுத ஆரம்பித்த இரண்டு வருடமும் நான் செய்ததெல்லாம் டைப் அடிப்பது, 'வெளியிடு' என்ற பட்டனை அமுக்குவது, அவ்வளவுதான். மற்ற பட்டன்கள் எதற்கு என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

2022 ஆடியில் கண் ஆபரேஷன் முடிந்து அம்மா என்னிடம் வந்து இருந்தாள். எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் பேறுகால மருந்தில் அம்மா கைகாரி. சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை, ஓமம், கருப்பட்டி என்று சாமான் பெயரை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். எது எவ்வளவு, எதை வறுக்க வேண்டும், எதை வறுக்கக்கூடாது, நல்லெண்ணெயை எந்தப் பதத்தில் விட வேண்டும் என்பதுதான் விஷயம். மூன்று நாள் மத்தியானம் கண்ணில் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு அம்மா சொல்லச் சொல்ல, நான் செல்போனில் பிளாக்கரிலேயே டைப் அடித்தேன். "ஏட்டி, வேகமா சொல்றேனா? எழுதிக்கிட்டியா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். நோட்டு எடுக்கவில்லை. போனில்தான் இருக்கிறதே என்ற தைரியம்!

அது 'டிராஃப்ட்' ஆக, அதாவது வெளியிடாத வரைவாக இருந்தது. அம்மா தம்பி வீட்டுக்குப் போன மறுவாரம், என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று அதைத் திறந்தேன். விரலை வைத்து அழுத்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, 'காப்பி' அமுக்குவதற்குப் பதில் 'பேஸ்ட்' அமுக்கிவிட்டேன். அதற்கு முன்னால் கரண்ட் பில் கட்டுவதற்காக மின் இணைப்பு எண்ணைக் காப்பி செய்து வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் கேஸ் சிலிண்டர் வந்து நின்றது. போனை அப்படியே மூடி வைத்துவிட்டு ஓடினேன்.

வரைவை இந்த மென்பொருள் தானாகவே சேமித்துக்கொண்டே இருக்கும். நல்லதுதான். ஆனால் நாம் தப்பாகச் செய்ததையும் அதே மாதிரி பத்திரமாகச் சேமித்துவிடும்! ராத்திரி திறந்து பார்த்தால் மூன்று நாள் எழுதிய இடத்தில் ஈ.பி. நம்பர் மட்டும் இருக்கிறது. 'சரி, தீபாவளிக்கு அம்மா வருவாளே, திரும்பக் கேட்டுக்கொள்ளலாம்' என்று நினைத்தேன். புரட்டாசியில் அம்மா போய்விட்டாள்.

தப்பு என்னுடையதுதான். யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தக் காரியம் முடிந்த பிறகுதான், கோபத்தில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஒவ்வொரு பட்டனும் எதற்கு என்று மகளை உட்கார வைத்துக் கற்றுக்கொண்டேன். அவற்றில் எனக்குப் பயன்பட்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே தவறுதலாக அழித்துவிட்டால் பதறி அந்தப் பக்கத்தை மூடாதீர்கள். மூடாத வரைக்கும் பிழைக்க வழி இருக்கிறது. மேலே வளைந்த அம்புக்குறி மாதிரி ஒன்று இருக்கும், அதைத் தட்டினால் செய்தது திரும்பும். கம்ப்யூட்டர் என்றால் கன்ட்ரோல் பட்டனோடு இசட். அன்றைக்கு எனக்கு இது ஒன்று தெரிந்திருந்தால் போதும், சிலிண்டர்காரர் இரண்டு நிமிடம் நின்றிருப்பார்! பிளாக்கரில் பழைய வடிவம் தனியாகத் தங்குவதில்லை. வேர்ட்பிரஸில் 'ரிவிஷன்' என்று பழைய வடிவங்கள் வரிசையாக இருக்கும், தேவையானதை எடுத்து மீட்டுக்கொள்ளலாம். தம்பி மனைவி அதைக் காட்டியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் நான் பிளாக்கரை விடவில்லை. இப்போது நீளமாக எதை எழுதினாலும் முதலில் போனில் இருக்கும் நோட்டில் எழுதி, அதை எனக்கே மின்னஞ்சலில் ஒன்று அனுப்பிவிட்டு, அப்புறம்தான் வலைப்பூவில் ஒட்டுகிறேன். முக்கியமான அளவுகளைப் பிள்ளைகளின் பழைய நோட்டில் பேனாவாலும் எழுதி வைக்கிறேன். கணவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

ஒட்டும்போது ஒரு விஷயம். வாட்ஸ்அப்பிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ ஒட்டினால் அங்கே இருந்த எழுத்தின் அளவு, நிறம் எல்லாம் சேர்ந்து வந்துவிடும். ஒரு பத்தி பெரிசாகவும் ஒரு பத்தி பொடிசாகவும் தெரியும். ஒட்டியதைத் தேர்ந்தெடுத்து, மேலே 'வடிவமைப்பை நீக்கு' என்ற குறியைத் தட்டினால் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், வி மூன்றையும் சேர்த்து அமுக்கினால் வெறும் எழுத்து மட்டுமே வரும்.

என் தம்பி சிவகாசியில் அச்சகத்தில் இருக்கிறான். அம்மா சொன்ன வடக வகைகளை முன்பே ஒருமுறை அவன் டைப் அடித்து வைத்திருந்தான். ஆகா, அதாவது மிஞ்சியதே என்று வாங்கி ஒட்டிப் பார்த்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழுந்தது! அச்சகத்தில் அவர்கள் பாமினி என்ற எழுத்துருவில் அடிக்கிறார்களாம். வலைப்பூவுக்கு யூனிகோட் எழுத்து வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மாற்றிக் கொடுக்கும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துவிடுங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறியிருக்கும். டைப் அடிக்கக் கை வலிக்கிறது என்பவர்கள் செல்போன் விசைப்பலகையில் இருக்கும் மைக்கைத் தட்டி, தமிழிலேயே பேசினால் எழுதிவிடும். மிக்சி ஓடும்போது மட்டும் பேசாதீர்கள்.

இனி 'லேபிள்'. இதை நான் அலட்சியமாக விட்டு நிறையப் பட்டேன். நம் அடுக்களை டப்பாக்களில் பெயர் ஒட்டுகிறோம் இல்லையா, அதேதான். ஒவ்வொரு பதிவுக்கும் வலது பக்கத்தில் லேபிள் என்ற இடத்தில் 'ஊறுகாய்', 'வடகம்' என்று எழுதினால், படிப்பவர் அதைத் தட்டியதும் அந்த வகை எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றுக்கு 'ஊறுகாய்', ஒன்றுக்கு 'ஊறுகாய் வகை', இன்னொன்றுக்கு 'ஊறுகாய்கள்'. மூன்றும் மூன்று டப்பாவாகப் போய்விட்டன. எட்டு ஊறுகாய் எழுதியும் பார்ப்பவருக்கு மூன்றுதான் தெரிந்தது. ஒருநாள் உட்கார்ந்து, பதிவுகள் பட்டியலில் பல பதிவுகளை ஒன்றாக டிக் செய்து லேபிளை மாற்றினேன். பத்துப் பன்னிரண்டு பெயரை முதலிலேயே முடிவு செய்து, அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். கூடவே, 'தளவமைப்பு' என்ற பகுதியில் போய்த் தேடும் பெட்டியையும் லேபிள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற எழுத்து, பனி பெய்கிற படம், கடிகாரம் எல்லாம் எதற்கு? பக்கம் திறக்கத்தான் நேரமாகும்.

பதிவின் முகவரியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாக்கர் அதற்கு 'பிளாக் போஸ்ட்' என்று பொதுவாக ஒரு முகவரி கொடுத்துவிடும். அடுத்த பதிவுக்கும் அதே பெயர், பின்னால் ஒரு எண். எது உளுந்தங்களி, எது கூட்டாஞ்சோறு என்று நமக்கே தெரியாது. வேர்ட்பிரஸில் தமிழ்த் தலைப்பே முகவரியாக வரும். ஆனால் அதைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஒவ்வொரு எழுத்தும் சதவீதக் குறியும் எண்ணுமாக மாறி, ஒரு முழ நீளத்துக்கு நிற்கும். ஏதோ வைரஸ் என்று என் நாத்தனார் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டார்! ஆகவே வெளியிடுவதற்கு முன்பே 'பெர்மாலிங்க்' என்ற இடத்தைத் திறந்து, ஆங்கில எழுத்தில் சின்னதாக, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு போட்டு, பதிவின் பெயரைக் கொடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் முன்பு அனுப்பிய முகவரியைத் தட்டுபவருக்குப் பதிவு கிடைக்காது.

நாம் ஊருக்குப் போயிருக்கும்போதும் பதிவு தானாக வெளிவர வைக்கலாம். தேதியும் நேரமும் குறித்துவிட்டால் போதும். பொங்கலன்று காலை 5 மணிக்கு வரட்டும் என்று ஒரு பொங்கல் கோலத்தை முந்தின நாளே குறித்து வைத்தேன். அது வந்தது சாயங்காலம் ஆறரைக்கு. கோலத்தை மாடு மிதித்து, அழிந்தும் போயிருந்தது! அமைப்புகளில் நேர மண்டலம் அமெரிக்கா என்று இருந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. அதில் கொல்கத்தா என்று இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பாருங்கள். இந்தியா முழுவதற்கும் அந்த ஒரு பெயர்தான்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்போனில் எடுக்கும் ஒரு படம் மூன்று நான்கு எம்.பி. இருக்கும். ஒரு பதிவில் அப்படிப் பத்துப் போட்டால் குறைந்த டேட்டா போட்டிருக்கும் சகோதரிகள் பாவம். 1200 பிக்சல் அகலம் தாராளம், சிறிதாக்கிவிட்டுப் போடுங்கள். படத்தைத் தட்டினால் வரும் அமைப்பில் 'மாற்று உரை' என்று ஓர் இடம் இருக்கும். அதில் 'வாழையிலையில் உளுந்தங்களி, நடுவில் நல்லெண்ணெய்' என்று எழுதினால், கண் தெரியாதவர்களுக்கு அவர்கள் போன் அதை வாசித்துக் காட்டும். அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் எனக்கு இதில் ஞாபகம் வரும். பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் இருக்கும் படம், வீட்டு வாசல் தெரியும் படம், இருப்பிடம் என்ற பெட்டி, இவை மூன்றும் வேண்டவே வேண்டாம்.

படிப்பவர்கள் எழுதும் கருத்துகளை நாம் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி வைக்க முடியும். நான் எப்போதும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பெண் பெயரைப் பார்த்தாலே வேண்டாததை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுக் கதவை நாம்தானே திறக்க வேண்டும்?

அந்தக் கதவு வழியாகத்தான் 2023ல் தூத்துக்குடியிலிருந்து ஓர் அக்கா வந்தார்கள். "உங்கள் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டேன். ஒரே கசப்பு. ஒரு ஜாடி வீணாகிவிட்டது" என்று எழுதியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தால், வெந்தயப்பொடி ஒரு தேக்கரண்டி என்பதற்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி என்று எழுதியிருக்கிறேன். மூன்று மடங்கு! வெட்கத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் ஏற்கெனவே எழுதி எடுத்துக்கொண்டு போனவர்களுக்கு எப்படித் தெரியும்? பதிவின் உச்சியிலேயே 'திருத்தம்' என்று தேதி போட்டு, எது தப்பு எது சரி என்று எழுதினேன். அந்த அக்கா அப்புறம் மறுபடியும் ஊறுகாய் போட்டு, நன்றாக வந்தது என்று சொன்னார்கள். இது ஊறுகாயோடு போயிற்று. பிள்ளை பெற்றவள் சாப்பிடும் மருந்தில் இப்படி ஆகியிருந்தால்? அன்றிலிருந்து வெளியிடும் முன் 'முன்னோட்டம்' என்ற கண் படத்தைத் தட்டி, செல்போனில் எப்படித் தெரியுமோ அப்படிப் பார்த்து, அளவுகளை மட்டும் மகளை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறேன். அவள் வாசிக்கும்போது தப்பு எனக்குக் காதில் விழுந்துவிடுகிறது.

பதிவுகள் மொத்தத்தையும் ஒரு பிரதி எடுத்து வைக்கவும் வழி இருக்கிறது. அமைப்புகளில் 'காப்புப் பிரதி' என்பதை அமுக்கினால் எழுதியது எல்லாம் ஒரு கோப்பாக வந்துவிடும். வேர்ட்பிரஸில் இதற்கு 'ஏற்றுமதி' என்று பெயர். அந்தக் கோப்பில் படம் வராது, படம் இருக்கும் முகவரிதான் வரும். எதில் எழுதினாலும் படங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்வது நல்லது. நான் மாதம் பிறந்ததும், ரேஷன் வாங்குகிற வாரத்தில், இதைச் செய்துவிடுகிறேன். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் எனக்கு மறக்காது.

இன்னொன்று, கணக்கு. என் கூகுள் கணக்கில் கணவரின் பழைய போன் நம்பர் இருந்தது. அந்த சிம்மை எப்போதோ விட்டாயிற்று. கடவுச்சொல் மறந்திருந்தால் ரகசிய எண் யாருக்கோ போயிருக்கும். உங்கள் கணக்கில் எந்த நம்பர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்குகளை நீக்கிவிடக்கூடும் என்று கூகுள் 2023ல் அறிவித்தது. எழுத நேரம் இல்லாவிட்டாலும் அவ்வப்போது உள்ளே போய் வந்துவிடுங்கள். அமைப்புகளில் 'அனுமதிகள்' என்ற இடத்தில் இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேர்க்கலாம். நான் தங்கையைச் சேர்த்திருக்கிறேன். எனக்கு ஒன்று ஆகிப்போனால் பதிவு அநாதையாக நிற்க வேண்டாமே. அவள் அதைக் கேட்டுத் திட்டினாள், சேர்ந்தும்விட்டாள்.

அம்மாவின் அளவு திரும்பக் கிடைக்கவில்லை. போன வருடம் கழுகுமலையில் இருக்கும் பெரியம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே கையில் கற்றவர்கள்தான், ஆனாலும் பெரியம்மா சித்தரத்தை கொஞ்சம் தூக்கலாகச் சொல்கிறாள். "உங்கம்மா குறைச்சுத்தான் போடுவா, அவ பயந்தவ" என்று சிரித்தாள். இந்த முறை பேச்சை ஒலிப்பதிவு செய்துகொண்டேன், நோட்டிலும் எழுதினேன், எனக்கே மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். மேலே முதல் வரியாக, 'டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது' என்று போட்டிருக்கிறேன்.

அது இன்னும் டிராஃப்டில்தான் இருக்கிறது. பெரியம்மா சொல்லும் 'கொட்டைப்பாக்கு அளவு' ஒவ்வொரு கைக்கும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் ஒன்றைக் கொடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். தைக்குள் முடித்துவிடுவேன். தங்கை மகளுக்கு மாசியில் பேறுகாலம்.

— ஒரு வாசகி, கோவில்பட்டி.